பள்ளிக் குழந்தைகளின் கண்-கை ஒருங்கிணைப்பை மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதிப்பீட்டுக்கு வரும் குழந்தையின் பையிலிருந்து பெற்றோர் முதலில் எடுத்துக் காட்டுவது நோட்டுப் புத்தகத்தைத்தான். ஓரத்தில் சிவப்பு மையில் "கவனக்குறைவு", "கையெழுத்தைத் திருத்து" என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கம் விரிக்கப்படும்போது குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) என்ற முறையில் இந்தக் காட்சியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது.

கண்-கை ஒருங்கிணைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும் குழந்தையைப் பாருங்கள். சொம்பு சாய்வதற்கு முன்பே கண் டம்ளரின் விளிம்புக்குப் போய்விடும். தண்ணீர் முக்கால் அளவு ஏறியதைக் கண் கண்டதும் மணிக்கட்டு சொம்பை நிமிர்த்திவிடும். கண் முன்னே போய் இடம் காட்டுகிறது; கை பின்னால் வருகிறது; தவறினால் கண் மறுபடி பார்த்துத் திருத்தச் சொல்கிறது. எழுதுவது, பந்து பிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாவற்றிலும் இதே உறவுதான்.

இதில் மூன்று பங்கு இருக்கிறது. பார்த்ததை விளங்கிக்கொள்வது ஒன்று. விரலும் மணிக்கட்டும் தோளும் சொன்னபடி கேட்பது இன்னொன்று. இரண்டையும் சரியான நொடியில் சேர்ப்பது மூன்றாவது. தண்ணீர் சிந்தியது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். மூன்றில் எது நழுவியது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மதிப்பீடு. "கவனமாகச் செய்" என்ற அதட்டல் இந்த மூன்றில் எதையும் சரிசெய்யாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதையெல்லாம் பார்த்துச் சந்தேகப்படலாம்?

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பந்தைத் தவறவிடாத குழந்தை கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டிலும் ஒரே மாதிரித் தடுமாற்றம், அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரிகிறது, ஆறு மாதமாகியும் குறையவில்லை என்றால் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறி ஒன்று விழுவது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க நண்பனிடம் நீட்டுவது, ஸ்கேலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கோடு போடும்போது ஸ்கேல் நகர்ந்துவிடுவது, கத்தரிக்கோல் கோட்டை விட்டு ஓடுவது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு முறையும் வரியைத் தொலைப்பது, பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகளை நீட்டுவது.

இவற்றைவிட எளிதில் தவறவிடும் அடையாளம் ஒன்று உண்டு. விலகி நிற்பது. விளையாட்டுப் பாடவேளையில் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் காவல் காக்க முன்வரும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று பாராட்டுவோம். அவன் ஏன் ஒவ்வொரு வாரமும் முன்வருகிறான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எந்த வயதில் மதிப்பிடலாம்?

கவனிப்பதற்கு வயது வரம்பில்லை. ஆனால் ஒருங்கிணைப்புக் கோளாறு என்று பெயர் வைத்து முடிவு சொல்வதைப் பொதுவாக ஐந்து வயதுக்கு முன் செய்வதில்லை. அதற்கு முன் குழந்தைக்குக் குழந்தை வேகம் மிகவும் வேறுபடுகிறது. பின்தங்கிய பிள்ளை ஒரே ஆண்டில் எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு.

வடிவங்களைப் பார்த்து வரைவதில் ஓரளவு நிலையான வரிசை இருக்கிறது. வட்டம் ஏறக்குறைய மூன்று வயதில் வரும். கூட்டல் குறி நான்கில். சதுரம் நாலரை, ஐந்தில். முக்கோணம் ஐந்தைத் தாண்டி. சாய்சதுரத்துக்கு ஏழு, எட்டு ஆகிவிடும். சாய்வுக் கோடு அவ்வளவு கடினம். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக என்று இரண்டு திசைகளையும் ஒரே நேரத்தில் கை சமாளிக்க வேண்டியிருப்பதுதான் காரணம். சாய்வுக் கோடே வராத வயதில் எழுத்துகளை வரி வரியாக எழுதச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று கவலைப்படும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கவலையின் பெரும்பகுதி வயதோடு தீர்ந்துவிடும்.

முதலில் யாரிடம் அழைத்துப் போக வேண்டும்?

கண் மருத்துவரிடம். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். கண் பரிசோதனை முடியாத குழந்தையை அவசரப்பட்டு மதிப்பிடுவதில்லை. தூரத்து எழுத்துப் பலகையில் 6/6 வந்துவிட்டது என்பது பாதிச் செய்திதான். கிட்டப் பார்வை எப்படி, இரண்டு கண்ணும் மூக்கை நோக்கி ஒன்றாகக் குவிகின்றனவா, மாறுகண் சாயல் இருக்கிறதா, ஒரு கண் மட்டும் சோம்பிக் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கிய பிள்ளை நல்ல கண்ணை வைத்தே படித்துவிடும், எழுதிவிடும். பந்து வரும் தூரத்தை மதிப்பதில்தான் மாட்டிக்கொள்ளும். அத்தகைய சோம்பல் கண்ணுக்குச் சிகிச்சை சிறு வயதில் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி "பந்து திடீர்னு பெரிசாகிடுது" என்று என்னிடம் சொன்னாள். அவளை அனுப்ப வேண்டிய இடம் என் அறை அல்ல, கண் மருத்துவமனை என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தமிழ்நாட்டில் கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடியும் தருகிறார்கள்.

அடுத்து குழந்தை நல மருத்துவர். சில அடையாளங்கள் இருந்தால் எந்தத் தேர்வுக்கும் காத்திருக்காமல் உடனே அவரிடம் போக வேண்டும். நேற்றுவரை செய்த வேலையை இன்று செய்ய முடியாமல் போவது, ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமாக இருப்பது, புதிதாகத் தொடங்கிய நடுக்கம், காலைத் தலைவலியோடு வாந்தி, தரையிலிருந்து எழும்போது தன் தொடையையே கையால் பிடித்து ஏறி நிமிர்வது. கடைசியாகச் சொன்னது தசைநோயின் அடையாளமாக இருக்கலாம். ஆண் குழந்தைகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

மதிப்பீட்டு அறையில் என்ன நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சோர்வடைகிற குழந்தைக்கு இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வேன். ஊசி, ஒயர், இயந்திரம் எதுவும் இல்லை. பென்சில், காகிதம், பந்து, பலகை, நூல் இவ்வளவுதான்.

முதல் வேலை பெரும்பாலும் பீரி விஎம்ஐ. கீத் பீரியும் நார்மன் புக்டெனிகாவும் உருவாக்கி 1967-இல் வெளியான தேர்வு. இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. எளிய கோட்டில் தொடங்கி, ஒன்றோடொன்று பின்னிய வளையங்கள், முப்பரிமாணக் கனசதுரம் என்று வடிவங்கள் கடினமாகிக்கொண்டே போகும். மேலே அச்சிட்ட வடிவம், கீழே காலிக் கட்டம். பார்த்து வரைய வேண்டும். ரப்பர் கிடையாது, புத்தகத்தைத் திருப்பவும் கூடாது. தொடர்ந்து மூன்று வடிவங்கள் தவறினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தத் தேர்வை எனக்குப் பிடித்ததாக்குவது இதன் இரண்டு துணைத் தேர்வுகள். ஒன்றில் வரையவே வேண்டாம். ஒரே மாதிரி வடிவத்தைக் கண்டுபிடித்துக் காட்டினால் போதும். மற்றொன்றில் யோசிக்க வேண்டாம். இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்டினால் போதும். கண் தனியாக, கை தனியாக, இரண்டும் சேர்ந்து என்று முன்னே சொன்ன மூன்று பங்கையும் இது பிரித்துக் காட்டிவிடுகிறது.

எட்டு வயதுப் பையன் ஒருவன் சாய்சதுரம் வரைந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு பக்கங்களை இழுத்துவிட்டான். மூன்றாவது மூலையில் பென்சில் நின்றது. தலையைத் தூக்கி மேலே உள்ள வடிவத்தைப் பார்த்தான், குனிந்தான், மறுபடி தூக்கினான். நான்கு முறை. பிறகு முனையை அழுத்தித் திருப்பியதில் மூலைக்கு வெளியே காது போல ஒரு சிறு முக்கோணம் முளைத்தது. அவன் அழுத்திய அழுத்தத்தில் அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது. ஆனால் ஒரே மாதிரி வடிவத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வில் அவன் தடுமாறவே இல்லை. இரட்டைக் கோட்டுக்குள்ளும் ஒழுங்காகவே போனான். கண்ணும் சரி, கையும் சரி; சேருமிடம்தான் தளர்ந்திருந்தது. அவன் நோட்டில் எழுதியிருந்ததோ "அலட்சியம்". அலட்சியமான பிள்ளை ஒரு மூலைக்காக நான்கு முறை தலையைத் தூக்கிப் பார்க்காது.

பந்து, பலகை எல்லாம் எதற்கு?

காகிதத்தில் இருக்கும் வடிவம் அசையாது. பந்து அசையும். அசையாததை எட்டுவதும் அசைவதை எதிர்கொள்வதும் வேறு வேறு திறன்கள். ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் திணறலாம்.

இதற்கு மூவ்மென்ட் ஏபிசி என்ற தேர்வைப் பயன்படுத்துகிறோம். 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பு 3 முதல் 16 வயது வரைக்கும் உரியது. விரல் நுணுக்கத்தில் மூன்று, எறிவதிலும் பிடிப்பதிலும் இரண்டு, சமநிலையில் மூன்று என்று மொத்தம் எட்டு வேலைகள். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் துளைப் பலகையில் குச்சிகளைச் செருக வேண்டும், துளைகளில் நாடா கோக்க வேண்டும், வளைந்த பாதைக்குள் கோடு இழுக்க வேண்டும். பிறகு இரண்டு மீட்டர் தூரத்துச் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும். ஏழு, எட்டு வயதுக்காரர்கள் பந்து ஒருமுறை தரையில் குத்தியபின் பிடிக்கலாம். ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் குத்தவிடாமல் பிடிக்க வேண்டும்.

குச்சி செருகும் பழைய பலகைகளில் ஒன்று 1948-இல் வந்த பர்டியூ பலகை. தொழிற்சாலைகளில் நுணுக்க வேலைக்கு ஆள் தேர்வதற்காக அமெரிக்காவில் செய்தது. பிறகு குழந்தைகளுக்கும் வந்தது. வலது கை, இடது கை, இரண்டு கையும் என்று தலா முப்பது நொடி.

எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டே வேறு சிலவற்றையும் எழுதிக்கொள்கிறேன். குச்சியைச் செருகும்போது நாக்கு வெளியே துருத்துகிறதா, சும்மா இருக்கும் கையும் சேர்ந்து விரல் மடக்குகிறதா, உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கை போக வேண்டிய இடத்தில் கையை மாற்றிக்கொள்கிறதா, தவறியதும் வேகத்தைக் குறைக்கிறதா அல்லது இன்னும் அவசரப்படுகிறதா. தவறிய பிறகு வேகத்தைக் குறைக்கிற குழந்தை தன் தவறைத் தானே பார்க்கிறது. அதற்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

முடிவில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

அறிக்கையில் "5-ஆவது பெர்சென்டைல்" என்று பார்த்துவிட்டு, நூற்றுக்கு ஐந்து மதிப்பெண்தானா என்று அழுத தாயை நான் அறிவேன். அது மதிப்பெண் அல்ல. அதே வயதுக் குழந்தைகள் 100 பேரை வரிசையில் நிறுத்தினால் பிள்ளை நிற்கும் இடம். மூவ்மென்ட் ஏபிசியில் 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் சிவப்பு, 6 முதல் 15 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு என்றால் உதவி தேவை. மஞ்சள் என்றால் கவனித்துவர வேண்டும்.

பீரி தேர்வில் சராசரி 100. 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் இருப்பார்கள். 84 என்றால் கோளாறு, 86 என்றால் நலம் என்று கோடு கிழிக்க முடியாது. இரவு சரியாகத் தூங்காத குழந்தைக்கு எந்தத் தேர்விலும் சில புள்ளிகள் குறையும். எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையை ஏற்காதீர்கள். குழந்தை எப்படிச் செய்தது, எந்த இடத்தில் திணறியது, எது எளிதாக வந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இவையெல்லாம் வெளிநாட்டு அளவுகோல்கள். நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

சரியான கேள்வி. மூவ்மென்ட் ஏபிசி இரண்டாம் பதிப்பின் அளவுகோல் பிரிட்டனில் 1,172 குழந்தைகளை வைத்து அமைந்தது. பீரியினுடையது அமெரிக்கக் குழந்தைகளை வைத்து. மூவ்மென்ட் ஏபிசியில் பீன் பேக் என்ற பயறுப் பையை எறியவும் சொல்வோம்; அப்படி எறிந்து விளையாடியே பார்க்காத பிள்ளைக்குத் தேர்வே முதல் அனுபவமாக இருக்கலாம். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து பந்தே தொடாத பிள்ளைக்கும் இதே நிலைதான். மறுபுறம், மூன்று வயதிலேயே பென்சில் பிடிக்கவைத்த பிள்ளை வடிவத் தேர்வில் தன் உண்மையான நிலையைவிட மேலே தெரியலாம்.

ஆகவே தேர்வுக்கு முன் வாய்ப்பைப் பற்றி விசாரிப்பேன். எங்கே விளையாடுவான், யாரோடு, என்ன விளையாட்டு, சோறு தானே பிசைந்து சாப்பிடுவானா, ஊட்டிவிடுகிறீர்களா? எட்டு வயதிலும் ஊட்டிவிடப்படும் பிள்ளையின் விரல்கள் மெதுவாக இருந்தால், முதல் மருந்து தட்டைத் தனியாக வைப்பதுதான். இரண்டு மாதம் வாய்ப்பு கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்கும்போது கோளாறு என்று நினைத்தது காணாமல் போயிருப்பதும் உண்டு.

வீட்டிலேயே ஏதாவது வைத்துப் பார்க்க முடியுமா? நம் பழைய விளையாட்டுகள் உதவுமா?

மிகவும் உதவும். அவற்றில் மதிப்பெண் இல்லை, வயது அட்டவணை இல்லை. ஆகவே தேர்வுக்கு ஈடாகாது. ஆனால் ஒரு குழந்தை கண்ணையும் கையையும் எப்படிச் சேர்க்கிறது என்று பார்க்க, ஐந்தாங்கல்லைவிட நல்ல ஜன்னல் எனக்குத் தெரியாது.

ஒரு கல்லை மேலே எறிந்து, தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு, விழும் கல்லையும் அதே கையில் பிடிக்க வேண்டும். புதிதாக ஆடும் பிள்ளை தரையைப் பார்க்கும். மேலே போன கல் எங்கேயோ விழும். கொஞ்சம் பழகியதும் கண் மேலும் கீழுமாக ஓடும். நன்றாக ஆடுபவளைப் பாருங்கள்: எறிவதற்கு முன்னால் தரையை ஒருமுறை பார்த்துக் கற்கள் கிடக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறாள், பிறகு அவள் கண் காற்றில் இருக்கும் கல்லைவிட்டு நகருவதில்லை. கை தானாகத் தரையைத் துழாவி அள்ளுகிறது. கண் தன் வேலையைக் கையிடம் ஒப்படைத்துவிட்டது. ஓரிரு வாரம் பழகிய பின்னும் முதல் நிலையிலேயே நிற்கும் பிள்ளையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

பல்லாங்குழியில் சோழிகளையோ புளியங்கொட்டைகளையோ ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். உள்ளங்கையில் இருப்பதை விரல் நுனிக்கு ஒவ்வொன்றாக நகர்த்தும் இந்த வேலை, பொத்தான் போடுவதற்கும் பென்சிலைக் கைக்குள்ளேயே நகர்த்திப் பிடிப்பதற்கும் அடிப்படை. மறு கையின் உதவியை நாடுகிறதா, கைப்பிடியிலிருந்து இரண்டு மூன்றாக உதிர்கிறதா என்று பாருங்கள். புள்ளிக் கோலம் வரையும் பிள்ளை புள்ளியைச் சுற்றி வளைக்கும் தூரத்தை ஒரே சீராக வைத்திருக்கிறதா என்பதும் நிறையச் சொல்லும். ஆண் பிள்ளைக்கும் கோலப்பொடியைக் கையில் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். பார்க்கும்போது திருத்தாதீர்கள். தாளும் பேனாவும் எடுத்து உட்காராதீர்கள். கூடச் சேர்ந்து விளையாடுங்கள்.

நான் ஆசிரியர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எப்படிக் கண்டறிவது?

உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குத் தட்டுத் தட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. மேசையில் இரண்டு வட்டுகள், நடுவில் ஒரு செவ்வகம். ஒரு கையைச் செவ்வகத்தில் ஊன்றி, மறு கையால் அதன் மேலாகத் தாண்டித் தாண்டி இரண்டு வட்டுகளையும் மாறி மாறித் தட்ட வேண்டும். 25 சுற்று முடிக்க எவ்வளவு நேரம் என்று குறிப்பார்கள். கையின் வேகமும் ஒருங்கிணைப்பும் இதில் தெரியும். பல பள்ளிகளில் இந்த எண்ணைப் படிவத்தில் நிரப்புவதோடு விட்டுவிடுகிறார்கள். வகுப்பாசிரியர் ஒருமுறை அதை வாங்கிப் பார்த்தால், கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று பெயர்கள் தனக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருப்பதைக் காண்பார்.

பெயர்களைக் கண்டபின் வகுப்பில் எல்லோர் முன்னும் செய்துகாட்டச் சொல்ல வேண்டாம். பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

கையெழுத்து மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணமா?

பல காரணங்களில் ஒன்று. பிரித்தறிய ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரே மாதிரியான நான்கு வரிகளை மூன்று விதமாக எழுதச் சொல்லுங்கள்: கரும்பலகையைப் பார்த்து, பக்கத்தில் வைத்த புத்தகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்லச் சொல்ல. பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும் மோசம் என்றால் கண்ணைப் பாருங்கள். பார்த்து எழுதுவது நன்றாக இருந்து, சொல்லச் சொல்ல எழுதுவது மட்டும் சிதறினால் எழுத்துக்கூட்டலில் சிக்கல் இருக்கலாம்; கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றிலும் எழுத்து உருவம் குலைந்தால் கையையும் கண்ணும் கையும் சேருமிடத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளே ஓர் அளவுகோல். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள். 'அ'வில் சுழி, வளைவு, முடிவில் நிற்கும் கோடு எல்லாம் இருக்கின்றன. 'இ'யும் 'ஞ'வும் இன்னும் கடினம். பென்சில் எங்கே திரும்புகிறது என்று பெரியவர்களே நின்று யோசிப்பார்கள். வடிவ எளிமை பார்த்து 'ட', 'ப', 'ம' என்று தொடங்கும் ஆசிரியர்களுக்கு நான் நன்றி சொல்வேன். 'ப' நன்றாக வந்து 'இ' ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உருவில் வந்தால், திட்டமிடுவதில் சிக்கல். 'ப'வே கோணலாக வந்தால், பிடியையும் தோளையும் முதலில் பாருங்கள்.

பெஞ்சையும் பாருங்கள். கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இடுப்பு நிலைக்காது. இடுப்பு நிலைக்காவிட்டால் விரலும் நிலைக்காது. காலுக்கடியில் ஒரு மரப்பலகை வைத்ததும் பாதி நேரான எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

என் மகள் இடது கைக்காரி. அதனால் இருக்குமோ?

இல்லை. இடது கைப் பழக்கம் குறைபாடு அல்ல. கையை மாற்றவைப்பதுதான் கேடு. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. சாதாரணக் கத்தரிக்கோலில் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். இடது கைக்கான கத்தரிக்கோல் கிடைக்கிறது. பள்ளி வயது வந்தும் எந்தக் கை என்று நிலைபெறாமல், ஒரே வேலைக்குள் கை மாறி மாறிப் போனால் மட்டும் மதிப்பீட்டில் சொல்லுங்கள்.

செல்போன் விளையாட்டில் கெட்டிக்காரனாக இருக்கிறானே?

கண்ணாடித் திரைக்கு எடை இல்லை, ஆழம் இல்லை, ஓரம் இல்லை. பந்துக்கு இவையெல்லாம் இருக்கின்றன. திரையில் விரல் வேகம் வருவது உண்மைதான்; அது பொத்தானுக்கும் பென்சிலுக்கும் தானாக இடம் மாறுவதில்லை. திரை முன் இருக்கும் நேரத்துக்காக எதை விட்டுக்கொடுத்தான் என்பதே என் கேள்வி.

இந்தச் சிக்கலுக்குப் பெயர் இருக்கிறதா? அறிவு குறைவு என்று அர்த்தமா?

அறிவோடு தொடர்பில்லை. மிகக் கூர்மையான பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். வாயால் கேட்டால் விடை வரும், எழுதச் சொன்னால் வராது. வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் கோளாறு என்பது மருத்துவப் பெயர். ஆங்கிலச் சுருக்கம் டிசிடி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். ஆண் குழந்தைகளில் அதிகம்.

தேர்வு எண் மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. திறன் வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அது அன்றாட வாழ்வையும் படிப்பையும் உண்மையில் பாதிக்க வேண்டும், சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், பார்வைக் குறை, அறிவுத்திறன் குறைபாடு, மூளைவாதம் போன்ற நரம்புக் கோளாறு என்று வேறு காரணம் இருக்கக் கூடாது. நான்கும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். கவனச்சிதறல் மிகைச்செயல் கோளாறு ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கூடவே இருக்கும். ஒன்றைக் கண்டால் மற்றதையும் தேட வேண்டும்.

செலவு செய்ய வசதியில்லை. எங்கே போகலாம்?

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே-யின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சேவை இலவசம். மருத்துவமனையில் விசாரிக்கும்போது ஆக்குபேஷனல் தெரபி என்றே கேளுங்கள். பிசியோதெரபி வேறு, இது வேறு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கும் மதிப்பீடு செய்கிறார்கள்.

பொதுத்தேர்வுச் சலுகை பற்றியும் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஒருங்கிணைப்புக் கோளாறு தனியாக இல்லை. இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வழியாகக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழி உண்டு. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்பே தொடங்குங்கள். இந்தப் பட்டியலில் ஒருங்கிணைப்புக் கோளாறும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீட்டுக்குப் பிறகு என்ன?

எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்குவதுதான் நன்றாகப் பலன் தருகிறது. ஷூ லேஸ் கட்ட வரவில்லை என்றால் ஷூ லேஸைத்தான் பழக வேண்டும். கனடாவில் உருவான கோ-ஆப் என்ற முறையில் குழந்தையே இலக்கைத் தேர்ந்தெடுக்கிறது, எப்படிச் செய்யலாம் என்று திட்டம் சொல்கிறது, செய்து பார்க்கிறது, திட்டம் பலித்ததா என்று தானே சரிபார்க்கிறது. தொடர்பில்லாத மாத்திரையையோ "மூளைப் பயிற்சி" வகுப்பையோ யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அதே தேர்வை ஆறு மாதத்துக்கு முன் திரும்பச் செய்ய நான் ஒப்புக்கொள்வதில்லை. வடிவங்கள் நினைவில் நின்றுவிடும். நடுவில் முன்னேற்றம் பார்க்க வேண்டுமானால், காலையில் சட்டை மாட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

மதிப்பீட்டுக்கு அழைத்து வரும்போது குழந்தையிடம் என்ன சொல்வது?

"டெஸ்ட்" என்ற சொல் வேண்டாம். "உனக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று பார்க்கப் போகிறோம், கஷ்டமானதை எப்படிச் சுலபமாக்குவது என்று அங்கே சொல்லித் தருவார்கள்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வாருங்கள். கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடு வரட்டும். நோட்டுகளைக் கொண்டுவாருங்கள், ஆனால் அவற்றைக் குழந்தையின் பையிலேயே விட்டுவிடுங்கள். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று அது முடிவு செய்யட்டும். சாய்சதுரத்துக்குக் காது முளைக்கவைத்த அந்தப் பையன் ஆறு மாதம் கழித்து வந்தபோது, கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தான் வரைந்த லாரியைக் காட்டினான். சக்கரங்கள் நான்கும் நல்ல வட்டம். அன்றைய மதிப்பீட்டை அந்த லாரியிலிருந்துதான் தொடங்கினேன்.